தனியே வைத்தலும் தனிக்கவனம் கொள்ளுதலும்
(சிறப்புப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர்க்காக, வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒரு பிள்ளைக்குப் பள்ளியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே எனக்களிக்கப்பட்ட பொருள். வெள்ளிவிழா மேடைக்கு இது ஏற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் தெருக்களிலிருந்து எத்தனை பட்டதாரிகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை அலுவலர்கள் எழுந்தனர் என்று எண்ணி மகிழ்வது முறையே. ஆயினும் ஒரு கல்விச் சங்கத்தின் பணியை அளப்பதற்கு வேறோர் அளவுகோலும் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குச் சென்றபின், வீட்டுத் திண்ணையில் எஞ்சியிருக்கும் பிள்ளை யார் என்று கேட்பதே அது. செவி கேளாத பெண், நடக்கவியலாத சிறுவன், வயதுக்கேற்ற பேச்சு வாராத பிள்ளை இவர்களே பெரும்பாலும் அத்திண்ணையில் அமர்ந்திருப்பவர்கள். ஆதலின் இப்பொருளை இவ்விழாவில் வைத்த சங்கத்தாரைப் பாராட்டுகிறேன்.

"தனிப்பள்ளி" என்னும் சொல்லைக் கேட்டதும் நம் நெஞ்சில் ஓர் உறுத்தல் தோன்றுவது இயல்பே. அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் பள்ளிச் சிறுவராயிருந்தபோது, வகுப்பில் தனியே அமர்வதற்கு வீட்டிலிருந்து கோணித்துண்டு கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. பள்ளிச் சேவகர் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் இல்லை. அக்கோணித்துண்டு அவருடைய கல்விக்காக விரிக்கப்பட்டதன்று. பிறருடைய தீட்டுக்காக விரிக்கப்பட்டது. அதே காலத்தில், நம் மக்களுக்கென்று சென்னையிலும் பிற இடங்களிலும் தொடங்கப்பெற்ற பள்ளிகளும் தனிப்பள்ளிகளே. ஆனால் அவை, பிறர் கதவடைத்த இடத்தில் எழுத்தைக் கொண்டுவந்து கொடுத்தன. ஆக, தனியே வைத்தல் வேறு. தனிக்கவனம் கொள்ளுதல் வேறு. இவ்விரண்டின் வேறுபாட்டைத் தம் வாழ்விலேயே கற்றறிந்தவர் நாம். ஒரு பள்ளி நம் பிள்ளையைத் தனியே வைக்கின்றதா, அன்றித் தனிக்கவனம் கொள்கின்றதா என்னும் இந்த ஒரு கேள்வியையே நான் இன்று கூறப்போகும் யாவற்றிற்கும் உரைகல்லாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதற்கண், பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளி உண்மையிலேயே வேண்டுமா என்பதை ஆராய வேண்டும். இதில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. வேண்டாத பிள்ளையை அங்கே அனுப்புவது ஒன்று. வேண்டிய பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவைப்பது மற்றொன்று.

முதல் தவறு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உலகெங்கும் இழைக்கப்பட்ட ஒன்றாகும். 1971ஆம் ஆண்டில், கிரெனடா நாட்டவரும் இலண்டனில் ஆசிரியப் பணியாற்றியவருமான பெர்னார்ட் கோர்ட் என்பார் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பினப் பெற்றோரின் பிள்ளைகள், அறிவு குறைந்தோர்க்கான பள்ளிகளுக்குத் தவறாக அனுப்பப்படுவதை அந்நூல் எடுத்துக்காட்டியது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லாரி பி. என்னும் மாணவரின் பெயரால் அறியப்படும் வழக்கில், அறிவுக்கூர்மைச் சோதனை மதிப்பெண்ணைக் கொண்டு கறுப்பினப் பிள்ளைகளை அத்தகைய வகுப்புகளில் தள்ளலாகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செக் குடியரசின் ஒஸ்திராவா நகரைச் சேர்ந்த ரோமா இனப் பிள்ளைகள் 18 பேர் தொடுத்த வழக்கில், 2007ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அப்பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தது பாகுபாடே என்று கூறிற்று.

இறுதியாகக் கூறிய வழக்கில் நாம் உள்ளத்திற் பதிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. "பெற்றோர் ஒப்புதல் அளித்துக் கையொப்பமிட்டுள்ளனர்" என்பது அரசுத் தரப்பின் வாதங்களுள் ஒன்று. அதனை நீதிமன்றம் ஏற்கவில்லை. கல்வி வாய்ப்புக் குன்றிய, ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பெற்றோர், அக்கையொப்பத்தின் விளைவுகளை முற்றும் அறிந்தே இட்டனர் என்று கொள்ளுதற்கில்லை என்பது அதன் கருத்து. தாய்மார்களே! நம் பெற்றோரின் கைந்நாட்டுப் பெற்ற தாள்கள் நிலத்திற்கும் கடனுக்கும் உரியவை மட்டுமல்ல. "உங்கள் பிள்ளைக்குப் படிப்பு வாராது; வேறு பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று நீட்டப்படும் தாளும் அவ்வகையைச் சேர்ந்ததே. முழுவதையும் படிக்கக் கேளாமல் எத்தாளிலும் ஒப்பமிடாதீர்.

படிப்பில் பின்தங்கும் பிள்ளை அனைத்தும் அறிவுக்குறைபாடு உடையதன்று. வீட்டில் படித்தவர் ஒருவரும் இல்லாத முதல் தலைமுறை மாணவன் பாடநூலின் மொழியைக் கண்டு திகைப்பான். அறுவடைக்கும் செங்கற்சூளைக்கும் பெற்றோருடன் சென்றுவரும் சிறுமி பல மாதப் பாடத்தை இழப்பாள். செவி மந்தமான பிள்ளை "கவனமில்லாதவன்" என்றும், கரும்பலகை தெரியாத பிள்ளை "சோம்பேறி" என்றும், இரத்தச்சோகையால் சோர்ந்த பிள்ளை "மந்தபுத்தி" என்றும் பெயரெடுப்பதுண்டு. ஆதலின் முதலில் கண்ணையும் செவியையும் சோதிக்கச் செய்க. உடல்நலத்தை மருத்துவரிடம் காட்டுக. அதன் பின்னரே அறிவுச் சோதனை.

அச்சோதனையும் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் நடைபெற வேண்டும். ஒரு மதிப்பெண் மட்டும் முடிவாகாது. உண்ணுதல், உடுத்துதல், கடைக்குச் சென்று வருதல், பிறரோடு பழகுதல் ஆகிய அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் குறைவு காணப்பட்டாலன்றி அறிவுசார் குறைபாடு என்று முடிவுகட்டுதல் முறையன்று. கடையில் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கிவரும் பிள்ளைக்குக் கணக்கு வாராது என்று பள்ளி கூறுமாயின், கற்பிக்கும் முறையைப் பற்றியே முதலில் ஐயம் கொள்ள வேண்டும். எழுத்துகளைப் பிரித்தறிவதில் மட்டும் இடர்ப்படும் கற்றல் குறைபாடு என ஒன்றுண்டு. அத்தகைய பிள்ளைகளுள் மிகப் பலர், உரிய துணைப்பயிற்சி பெற்றுப் பொதுப்பள்ளியிலேயே படிக்கத்தக்கவர்.

இனி இரண்டாவது தவற்றைக் கூறுவேன். முன்வினை என்றும், குடும்பத்துக்கு இழுக்கென்றும், மூத்த மகளின் திருமணம் தடைப்படும் என்றும் அஞ்சிப் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துவிடுவோர் உளர். பிறப்பினால் இழிவு உண்டு என்னும் கோட்பாட்டை எதிர்த்து எழுந்த மக்கள் நாம். அக்கோட்பாட்டையே நம் வீட்டுக் குழந்தையின் தலையில் சுமத்துதல் தகுமோ?

காலத்தாழ்வு தீராத இழப்பைத் தரும். குழந்தை மொழியைக் கைக்கொள்ளும் பருவம் பிறந்த முதற்சில ஆண்டுகளே. செவி கேளாத குழந்தைக்கு அப்பருவத்தில் செவிக்கருவியோ சைகை மொழியோ கிடைக்காவிடின், ஏழு வயதில் எவ்வளவு நல்ல பள்ளியிற் சேர்த்தாலும் அவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது. 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் மருத்துவக் குழுவினர் பிள்ளைகளைச் சோதிக்கின்றனர்; மேற்சிகிச்சைக்கு மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. பேசாத குழந்தையை "அவன் தந்தையும் தாமதமாகத்தான் பேசினான்" என்று கூறிக் காத்திராமல், அம்மையங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்து, சட்டம் நமக்களிக்கும் உரிமை யாது? 1995ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வியை அறிவித்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் என்னும் வகைக்குள் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளோடு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் தெளிவாகச் சேர்க்கப்பட்டனர். கடுமையான குறைபாடு உடையோர் வீட்டிலிருந்தே கல்வி பெறவும் உரிமை பெற்றனர். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் பயிலலாம் என்கிறது அச்சட்டம்.

இங்கே "விரும்பும்" என்னும் கருத்தைக் கூர்ந்து நோக்குங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் உரியது; தலைமையாசிரியர்க்கு உரியதன்று. "எங்களிடம் வசதியில்லை, சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்" என்று அருகிலுள்ள அரசுப் பள்ளி திருப்பியனுப்பினால், அது அறிவுரையன்று, உரிமை மறுப்பு. பொதுப்பள்ளிகளில் சிறப்பாசிரியர்களை நிலையாக நியமித்தல் வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறனாளி மாணவர்க்கு ஒருவர், மேல்வகுப்புகளில் 15 மாணவர்க்கு ஒருவர் என்னும் விகிதத்தை 2022இல் ஒன்றிய அரசு வகுத்தது. உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று வட்டார வள மையத்திற் கேளுங்கள். கேட்பார் இல்லாத உரிமை ஏட்டிலேயே உறங்கும்.

பொதுப்பள்ளியின் கதவைத் தட்டிய பின்னரும், பிள்ளையின் தேவை அங்கே நிறைவேறாது என்று தெளிந்தால் சிறப்புப் பள்ளியை நாடுதல் நன்று. நம் நாட்டில் இப்பள்ளிகளின் வரலாறு நீண்டது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் செவி கேளாதோர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் தோன்றின. அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைகளைப் பற்றிய தேசிய நிறுவனம் 1984இல் செகந்திராபாத்தில் அமைந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் நிறுவப்பெற்றது.

எல்லாச் சிறப்புப் பள்ளியும் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெய்ல் எழுத்தும், கோலூன்றித் தனித்து நடமாடும் பயிற்சியும் கற்பிக்கும் பள்ளி வேண்டும். செவி கேளாத பிள்ளைக்குச் சைகை மொழியில் தேர்ந்த ஆசிரியர் உளரா, பேச்சுப் பயிற்சி உண்டா என்று காண வேண்டும். மூளை முடக்குவாதம் உடைய பிள்ளையைப் பற்றி மிக்க கவனம் தேவை. கையும் காலும் நாவும் கட்டுப்படாவிடினும் அறிவு கூர்மையாயிருத்தல் கூடும். பேச வாராமையால் அறிவில்லை என்று கருதி அறிவுசார் குறைபாடுடையோர் வகுப்பில் அமர்த்தினால், அது சிறைக்கு ஒப்பாகும். ஆட்டிசம் உடைய பிள்ளைக்கோ இரைச்சல் குறைந்த, ஒழுங்கு மாறாத, சிறு வகுப்பு பயன்தரும்.

பள்ளியை நேரிற் காணச் செல்லும்போது அலுவலக அறையில் மட்டும் அமர்ந்து திரும்பிவிடாதீர். வகுப்பு நடைபெறும் நேரத்தில் சென்று, அரைமணி நேரமாவது இருந்து காணுங்கள். பிள்ளைகள் ஏதேனும் செய்துகொண்டிருக்கின்றனரா, அன்றிச் சுவரோரம் வெறுமனே அமர்த்தப்பட்டுள்ளனரா? சுவரோரம் அமர்ந்திருப்பின் அங்கே கோணித்துண்டு இல்லாவிடினும் கோணித்துண்டின் வேலை நடைபெறுகிறது என்று அறிக.

பின்வரும் கேள்விகளை அஞ்சாமற் கேளுங்கள். இப்பள்ளி 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா? ஆசிரியர்கள் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவர்களா? ஓர் ஆசிரியர்க்கு எத்தனை பிள்ளைகள்? என் பிள்ளைக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதப்படுமா? ஆறு திங்களுக்குப் பின் அவன் எதைச் செய்யக் கற்றிருப்பான்? அதனை எனக்கு விளங்கும் தமிழில் யார் கூறுவார்? "இறைவன் விட்ட வழி" என்று மட்டும் விடை கூறும் பள்ளி அன்புடையதாயிருக்கலாம்; கற்பிக்கும் பள்ளியாகாது.

கழிப்பறையைக் காணுங்கள். சக்கர நாற்காலி உள்ளே செல்லுமா, தானே செல்லவியலாத பெண்பிள்ளைக்கு உதவப் பெண்பணியாளர் உண்டா என்று பாருங்கள். உணவு வேளையில் இருந்து பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்கின்றனரா? தட்டு கழுவுவதும், தரை பெருக்குவதும், கழிப்பறை தூய்மை செய்வதும் எவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு "தொழிற்பயிற்சி" என்னும் பெயரில் அளிக்கப்படுகின்றன? குறைபாடு சாதியைப் பார்ப்பதில்லை. ஆனால் குறைபாடுடையோர்க்கென அமைந்த நிறுவனத்துள் சாதி நுழையாது என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. இக்கேள்வியை நாம் கேளாவிடின் வேறு எவரும் நமக்காகக் கேட்கமாட்டார்.

விடுதியிற் சேர்ப்பதாயின் பன்மடங்கு விழிப்பு வேண்டும். முன்னறிவிப்பின்றிப் பெற்றோர் வந்து காண இசைவு உண்டா? இரவில் பொறுப்பாளர் யார்? தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்லவியலாத பிள்ளையே தீயோரின் கண்ணில் முதலிற் படும். சிறார்க்கு இழைக்கப்படும் பாலியற் குற்றங்களைத் தண்டிக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதவரையும் தண்டிக்கின்றது. "பார்க்க வராதீர்கள், பிள்ளை ஏங்கிவிடும்" என்று திங்கள்கணக்கில் தடுக்கும் விடுதியில் பிள்ளையை விடாதீர்.

தொலைவும் செலவும் பெருந்தடைகளே. நாள்தோறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறும் தாய்க்கு அன்றைய கூலி இல்லை. நகரத்துப் புகழ்பெற்ற பள்ளியில் வாரம் இருநாள் பயில்வதினும், அருகிலுள்ள எளிய பள்ளியில் ஐந்து நாளும் பயில்வது பெரும்பாலும் நன்று. பார்வையற்றோர்க்கும் செவி கேளாதோர்க்கும் தமிழக அரசு விடுதியுடன் நடத்தும் சிறப்புப் பள்ளிகள் உள்ளன. கல்வி உதவித்தொகை, கடுமையான குறைபாடுடையோர்க்குப் பராமரிப்பு உதவித்தொகை, பேருந்துப் பயணச் சலுகை ஆகியவற்றிற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுக. இவற்றிற்கெல்லாம் அடிப்படை, மருத்துவக் குழுவின் சான்றும் தனித்துவ அடையாள அட்டையுமே ஆகும்.

"சாதிச் சான்று ஒன்று இருக்கும்போது ஊனச் சான்று வேறு எதற்கு? ஒன்றைக் காட்டினால் மற்றொன்று போய்விடாதா?" என்று கேட்போர் உளர். போகாது. உயர்கல்வியில் 5 விழுக்காடும் அரசுப் பணியில் 4 விழுக்காடும் மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியுள்ளது. இவ்வொதுக்கீடு எல்லா வகுப்பினர்க்கும் ஊடாகச் செல்வது என்று 1992ஆம் ஆண்டு மண்டல் வழக்குத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் விளக்கியுள்ளது. இரண்டு சான்றுகளும் இரு கைகளைப் போன்றவை. ஒன்றை நீட்டுவதற்காக மற்றதை மடக்க வேண்டுவதில்லை.

தேர்ந்தெடுக்கும் நாளிலேயே கேட்கவேண்டிய இன்னுமொரு கேள்வி, "இங்கிருந்து எங்கே?" என்பதாகும். சிறப்புப் பள்ளி ஒரு பாலம், குடியிருக்கும் வீடன்று. பிரெய்லைக் கற்றுத் தேர்ந்த பிள்ளை ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ பொதுப்பள்ளிக்குத் திரும்பலாம். அவ்வாறு திரும்பியோர் எத்தனை பேர், தொழில் கற்றுப் பிழைப்போர் எத்தனை பேர் என்று பள்ளியைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முடிவை மறுபடியும் ஆராயுங்கள். ஒருமுறை சேர்த்தது என்றைக்குமாகச் சேர்த்தது என்று கொள்ளவேண்டா. அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்துள்ளது. "எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?" என்று கண்ணீர் வடிக்கும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நிறைவாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, நம் தெருக்கள்தோறும் சென்று பள்ளி செல்லாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெயரேடு ஒன்றை எழுதுக. இரண்டு, மருத்துவக் குழுவின்முன் செல்லும் தாய்க்குத் துணையாக, எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரை உடன் அனுப்புக. அத்தாய் இழக்கும் ஒருநாள் கூலியைச் சங்க நிதியிலிருந்து வழங்குக. மூன்று, இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் திங்களுக்கு ஒருமுறை இம்மண்டபத்தில் கூடுவதற்கு இடந்தருக. ஒரு பள்ளியைப் பற்றி அங்கே பிள்ளையைச் சேர்த்த தாய் கூறும் சொல், எந்த விளம்பரத்தையும்விட மெய்யானது.

கல்வியை நம் முன்னோர் எவரிடமும் இரந்து பெறவில்லை, போராடிப் பெற்றனர். அப்போராட்டத்தின் பயன், ஓடியாடும் பிள்ளையோடு நின்றுவிடலாகாது. தவழும் பிள்ளைக்கும், கைகளாற் பேசும் பிள்ளைக்கும், விரல்களாற் படிக்கும் பிள்ளைக்கும் அதிற் பங்குண்டு. அப்பங்கை அளிக்கும் பள்ளி எதுவோ, அதுவே நம் பிள்ளைக்குரிய பள்ளி.